டீசல் மிதந்த கிணறும் என் கையெழுத்தும்

1. மேஜை மேல் விழுந்த விரிப்பு

மாவட்டம் பிரிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவண்ணாமலையில் எங்கள் குடிநீர் ஆய்வகம் அப்போது ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில், இரண்டே அறைகளில் நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே இளநிலை நீர் ஆய்வாளன். ஒரு நாள் காலை ரிப்போர்ட்டுகளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் மாடியேறி வந்தார். துவைத்து மடித்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை அந்த ரிப்போர்ட்டுகளின் மேலேயே போட்டார்.

“மோந்து பாருங்க சார்” என்றார்.

“இங்க தண்ணிதாம்மா டெஸ்ட் பண்ணுவோம். துணி இல்ல” என்றேன்.

இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. மூக்குக்கு நேரே வந்து விழுந்த துணியை மோந்து பார்க்க என்ன கேடு எனக்கு? ஆனால் நான் அரசாங்க ஆள். முறைப்படி மனு கொடுங்கள், முறைப்படி வந்து சாம்பிள் எடுக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் பெயர் நூருன்னிசா. செங்கம் சாலையில் ஆசிரமம் பகுதிக்குப் பக்கத்துச் சந்தில் அவர் வீடு. கணவர் தவறிய பிறகு, அவரும் அவருடைய இரண்டு நாத்தனார்களும் சேர்ந்து, அந்தப் பகுதியில் இருந்த விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவைத்துக் கொடுத்துவந்தார்கள். ஏழு விடுதிகள் அவரிடம் துணி போட்டுக்கொண்டிருந்தன. வீட்டுப் பின்பக்கம் முப்பத்தைந்து அடிக் கிணறு. துவைக்கிற கல் கிணற்றை ஒட்டியே இருந்தது. சந்தில் இருந்த எட்டு வீட்டுக்கும் குடிக்க அதே தண்ணீர்தான். கொஞ்ச நாளாக அந்தத் தண்ணீரில் துவைத்த துணியில் டீசல் வாடை வருகிறதென்று விடுதிக்காரர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு விடுதிகள் துணி போடுவதையே நிறுத்திவிட்டன.

கிணற்றுக்கு மேற்கே, அறுபது எழுபது அடி தள்ளி, ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. இதையும் அந்த அம்மாள் அன்றைக்கே சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை.

2. பத்து நிமிடம் மோட்டார்

மனு வந்து, நம்பர் போட்டு, எங்கள் முறை வந்து நான் சாம்பிள் எடுக்கப் போனபோது மூன்று வாரம் ஓடியிருந்தது. எங்களுக்கு ஒரு நிலையான உத்தரவு உண்டு. சாம்பிள் எடுப்பதற்கு முன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போய், புதுத் தண்ணீர் வந்த பிறகுதான் கேனில் பிடிக்க வேண்டும். போர்வெல்லுக்கு இது சரியான உத்தரவு. நான் அதைக் கிணற்றுக்கும் அப்படியே செய்தேன்.

நூருன்னிசா அம்மாள் கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

“மோட்டாரு காலையில ஒருவாட்டி தொட்டி ரொப்பத்தான் சார் போடுவோம். துவைக்கிறதுக்கும் குடிக்கிறதுக்கும் கயித்துலதான் சேந்துறோம். நீங்களும் மேல இருந்து எடுங்க.”

“மேல் தண்ணியில தூசு தும்பு எல்லாம் இருக்கும்மா. சாம்பிளுக்கு ஆகாது” என்று நான் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

டீசல் தண்ணீரில் மிதக்கும். மோட்டாருக்குத் தண்ணீர் இழுக்கும் ஃபுட் வால்வோ கிணற்றின் அடியில் இருக்கும். மிதப்பதை விட்டுவிட்டு, அடியில் இருந்து, அதுவும் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரில் டீசலைத் தேடினேன். தேடினேன் என்று சொல்வதும் பொய். எங்கள் ஃபாரத்தில் எண்ணெய்க்கு ஒரு பத்தியே கிடையாது. கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட் என்று வரிசையாகப் போகும். மணம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் “ஆட்சேபணைக்குரியதல்ல” என்று டைப்பிஸ்ட் முன்கூட்டியே எல்லா ஃபாரத்திலும் அடித்து வைத்திருப்பார். சாம்பிள் வருவதற்கு முன்பே அதன் வாசனை எங்களுக்குத் தெரிந்திருந்தது.

“குடிக்கத் தகுந்தது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புகார் வந்த கிணறு என்பதால் குறிப்பில் “பிளீச்சிங் பவுடர் இடவும்” என்றும் சேர்த்தேன். எங்கள் துறையில் எந்தப் புகாருக்கும் அது ஒன்றுதான் மருந்து. டீசல் கலந்த கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொன்ன மேதாவி இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த அம்மாளும் நம்பிக் கொட்டினார். அதற்குப் பிறகு துணியில் இரண்டு நாற்றமும் சேர்ந்து வந்தது. மூன்றாவது விடுதியும் போயிற்று.

3. தண்ணீர்ப் பந்தல்

ஒரு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். இந்த முறை கையில் துணி இல்லை. என் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் காப்பி இருந்தது.

“இது பங்க் ஓனர் குடுத்தது சார். நான் போய்க் கேட்டதுக்கு, கவர்மெண்ட்டே நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்திருக்கு, என்கிட்ட வந்து இன்னா கலாட்டா பண்றேன்னு கேக்கறாரு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டறாரு. இது உங்க கையெழுத்துதானே?”

என் கையெழுத்துதான். ஆபீஸ் காப்பி ஒன்று, மனுதாரர் காப்பி ஒன்று என்று இரண்டுதான் போகும். மூன்றாவது எப்படி பங்க்குக்குப் போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“எப்ப வந்து பாத்தா வாசனை தெரியும்?” என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“பௌர்ணமி போய் நாலாம் நாள் வரும் சார். ஒரு வாரம் ஜாஸ்தியா இருக்கும். அப்புறம் கம்மியாயிடும். ஒவ்வொரு மாசமும் இதே கதைதான். நீங்க வந்தீங்களே, அன்னிக்கு அமாவாசை.”

கிரிவலக் கூட்டம் பெருக ஆரம்பித்த காலம் அது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். கூட்டத்தின் அசுத்தமாக இருக்கும் என்று எங்கள் ஆபீசில் சொன்னார்கள். அசுத்தத்தில் டீசல் வாடை எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமி முடிந்த நாலாம் நாள், ஆபீசில் டூர் எழுதாமல், சொந்த சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய வாளியை நானே கிணற்றில் இறக்கி, மேல் தண்ணீரை அள்ளி எடுத்தேன். வாளி முழுக்க வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். முகத்தைக் கிட்டே கொண்டு போனதும் தலை சுற்றியது. சந்தில் எட்டு வீடு இதைக் குடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு நான் நற்சான்று எழுதியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எங்களிடம் எண்ணெய் அளக்கும் கருவி இல்லை. பிளாஸ்டிக் கேன் டீசலை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கண்ணாடி பாட்டிலில் வழிய வழிய ரொப்பி சென்னைக்கு அனுப்பினேன். பாட்டிலை அனுப்பிய கையோடு நேராக பங்க்குக்குப் போனேன்.

பங்க் ஓனரான டீலர் ஊரில் பெரிய மனிதர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பங்க் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவார். பானகம், நீர்மோர், சில்லென்ற தண்ணீர் எல்லாம் உண்டு. கால் நோக நடந்து வருகிறவர்கள் அவரை வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். பந்தலை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பங்க்குக்குள்ளேயே ஒரு போர்வெல் கைப்பம்பு இருந்தது. அதன் கைப்பிடியைச் சாக்கு சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பங்க் ஆட்கள் குடித்ததும், பந்தலில் ஊற்றியதும் வேங்கிக்கால் பக்கத்திலிருந்து லாரியில் வந்த தண்ணீர்.

“ஏன் பம்பக் கட்டி வெச்சிருக்கீங்க?” என்று டீசல் போடும் சேல்ஸ்மேனைக் கேட்டேன்.

“அது நாறும் சார். ஒரு வருஷமா யாரும் தொடறது இல்ல.”

ஒரு வருஷமாக. பக்தர்களுக்கு லாரித் தண்ணீர், அடுத்த சந்துக்கு டீசல் தண்ணீர், கேட்டால் காட்ட என் கையெழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டீலரிடமே போய்க் கேட்டேன்.

“தம்பி, டேங்க்க ஆயில் கம்பெனி ஆபீசர் ரெண்டுவாட்டி டெஸ்ட் பண்ணிட்டுப் போயிட்டாரு. ஒரு சொட்டு லீக் இல்ல. அந்தம்மா என்ன சோப்பு போடுதோ, என்ன மண்ணெண்ணெய ஊத்துதோ. நம்ம பங்க் மேல பழி போடாதீங்க. நாலு பேருக்குத் தண்ணி குடுக்கற கை இது” என்றார்.

4. கழுத்து வரை

இரண்டு முறை டெஸ்ட் செய்தது பொய்யில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. டேங்க்கில் டிப் ராடு விட்டு அளந்து, ஒரு நாள் விற்காமல் மூடி வைத்து, மறுநாள் அளந்திருக்கிறார்கள். மட்டம் இறங்கவில்லை.

விடை அந்த சேல்ஸ்மேனிடம் இருந்தது. அவர் அதை ரகசியமாக ஒன்றும் வைத்திருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“பௌர்ணமிக்கு மூணு நாள் டேங்கர் லாரிய டவுனுக்குள்ள விட மாட்டாங்க சார். ஸ்பெஷல் பஸ்ஸு, வேனு, எல்லாம் நம்மகிட்டதான் டீசல் போடும். அதனால முன்னாடியே ரெண்டு லோடு இறக்கி கழுத்து வரைக்கும் ரொப்பிடுவோம். மத்த நாள்ல பாதிக்கு மேல எப்பவும் போவாது.”

ஓட்டை டேங்க்கின் மேல் பக்கத்தில் இருந்தால், பாதி டேங்க்கை எத்தனை முறை அளந்தாலும் ஒழுகாது. கழுத்து வரை ரொப்பினால்தான் ஒழுகும். கழுத்து வரை ரொப்புவது மாதத்தில் ஒரு தடவை. எங்கள் ஊரில் மண் ஆழம் கம்மி. கீழே பாறை, பாறையில் வெடிப்பு. வெடிப்பில் இறங்கிய டீசல் கிணற்றுக்கு வர நாலு நாள். கம்பெனி ஆபீசர், எங்கள் ஆபீஸ், நான் என்று எல்லோரும் எங்களுக்கு வசதியான நாளில் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறோம். ஒரு மாதம் முழுக்க அந்தக் கிணற்றடியில் இருந்தவர் ஒருவர்தான். அவருக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.

எங்கள் செயற்பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். முழு டேங்க்கை டெஸ்ட் செய்யச் சொல்லி எழுத வேண்டும் என்றேன்.

“யோவ், நாம தண்ணி டிபார்ட்மெண்ட்டுய்யா. பெட்ரோல் பங்க்குல நமக்கு இன்னா வேலை? நீயே நல்ல தண்ணின்னு குடுத்துட்டு, இப்ப நீயே இல்லன்னு எழுதுவியா? ஆடிட்டுல கேட்டா நான் பதில் சொல்றதா?”

“தப்பா குடுத்துட்டேன் சார். தப்புன்னே எழுதிக் குடுக்கறேன்.”

அவர் வேறொரு யோசனை சொன்னார். “மேல மிதக்குதுன்னுதானே சொல்றே? ஒரு தீக்குச்சி கிழிச்சுப் போட்டா எரிஞ்சு போயிடாதா?” அவர் பி.இ. படித்தவர். கிணற்றுக்கு மேலே ஓலைச் சார்ப்பு, சுற்றிலும் எட்டு வீடு. நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனுநாள். நூருன்னிசா அம்மாள் மனு கொடுத்தார். என் முதல் ரிப்போர்ட் தவறு என்று நானே எழுதிய கடிதத்தை அதோடு பின் செய்து கொடுத்தோம். டீசல் கலந்திருக்கிறது என்று சென்னையிலிருந்து வந்த முடிவையும் வைத்தோம். முழு டேங்க்கை டெஸ்ட் செய்ய உத்தரவு வர இரண்டு பௌர்ணமி ஆயிற்று. எனக்கு மெமோ மட்டும் நாலே நாளில் வந்தது. துறையின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக அதில் இருந்தது. டீசலைக் கிணற்றில் விட்டவருக்கு அதுவரை ஒரு துண்டுச் சீட்டுகூடப் போகவில்லை.

உத்தரவுப்படி டேங்க்கைக் கழுத்து வரை ரொப்பி, மூடி முத்திரை வைத்தார்கள். மறுநாள் திறந்து டிப் ராடை விட்டால் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. இன்னொரு நாள் வைத்துப் பார்த்தார்கள். அதற்குக் கீழே இறங்கவில்லை. ஓட்டை அந்த மட்டத்தில் இருந்தது. டேங்க்கைத் தோண்டி எடுத்தபோது, கழுத்துக்குக் கீழே வெல்டிங் ஓரமாகத் துருவேறி, என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. இதற்காகத்தான் இத்தனை பாடு.

5. சுத்தம் செய்தது

டேங்க்கை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று டீலர் நினைத்தார். எனக்கு அப்போதுதான் வேலை ஆரம்பித்தது.

தோண்டிய மண் கருத்துப் பிசுபிசுவென்று இருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அதை டிப்பர் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். வேங்கிக்காலில் யாரோ புது வீடு கட்டுகிறார்களாம், பள்ளத்தை மேடாக்க மண் வேண்டுமாம். லாரிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன்.

“மண்ணுதானே சார், மண்ணுல என்ன இருக்கு?” என்றார் டீலர்.

“அப்ப உங்க வீட்டுத் தோட்டத்துல கொட்டுங்க” என்றேன்.

கொட்டவில்லை. கடைசியில் கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில் அவருக்கே இருந்த காலியிடத்தில், தரையில் கெட்டித் தார்ப்பாய் விரித்து, மண்ணை ஓரடி உயரத்துக்குப் பரப்பி, வெயிலில் காயப்போட்டு, வாரத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிட வைத்தோம். வாடை போக ஒன்றரை வருஷம் பிடித்தது.

கிணற்றில் யாரையும் இறங்கவிடவில்லை. உள்ளே ஆவி தங்கியிருக்கும், மூச்சடைத்துவிடும். மேலிருந்தே கயிற்றில் வேஸ்ட் காட்டன் மூட்டைகளை இறக்கி, மிதக்கிற டீசலை உறிஞ்சவிட்டு, இழுத்துப் பிழிந்து டிரம்மில் சேர்த்தோம். பிறகு பங்க்குக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு குழி தோண்டி, அதில் மோட்டார் வைத்து இறைத்தோம். குழியில் இறைத்தால் கெட்ட தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் குழிக்கு வரும். வந்த தண்ணீரில் மிதந்ததை முதலில் ஒரு தொட்டியில் வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை இரும்புச்சத்து நீக்க நாங்கள் கட்டுகிற படிக்கட்டுத் தொட்டி போல ஒன்றில் மேலிருந்து படிப்படியாக விழவிட்டோம். காற்றுப் படப் பட வாடை குறையும். அதன் கீழே மணல், ஜல்லி, கரி. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கையில் இருந்த வித்தையை வைத்துச் செய்தோம்.

இந்த மோட்டார் ராத்திரி பகல் ஓட வேண்டும். நின்றால் நாலைந்து நாளில் கிணற்றில் படலம் திரும்ப வந்துவிடும். கரண்ட் இணைப்பு பங்க்கிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒவ்வொரு பௌர்ணமியிலும் மோட்டார் நின்றுபோயிற்று. இரண்டு மூன்று மாதம் கரண்ட் கட் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு பௌர்ணமி அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த லைனில் தண்ணீர்ப் பந்தலுக்கு டியூப் லைட்டும் ஸ்பீக்கரும் மாட்டியிருந்தார்கள். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு நாளைக்குத்தானே சார். புண்ணிய காரியம்” என்றார் டீலர்.

ஒயரை நானே பிடுங்கி மோட்டாரில் மாட்டினேன். பந்தல் இருட்டாயிற்று. வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். சந்தில் எட்டு வீட்டுக்கு நகராட்சி லாரியில் வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு குடத்தில் சமைக்கலாம், குடிக்கலாம். ஏழு விடுதியின் விரிப்பைத் துவைக்க முடியாது.

அதன் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நான் அந்தக் குழிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மாற்றல் உத்தரவு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்தேன்.

6. நாலு வருஷம்

நாலாவது வருஷக் கடைசியில், தொடர்ந்து ஆறு பௌர்ணமிகளிலும், மேல் தண்ணீர், நடுத் தண்ணீர், அடித் தண்ணீர் என மூன்று மட்டத்திலும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிய சாம்பிள்கள் சுத்தமாக வந்தன. ஃபாரத்தில் மணம் என்ற பத்தியை நானே மோந்து பார்த்து, கையால் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஆசிரமம் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதியின் பின்கட்டில் நூருன்னிசா அம்மாளைக் கண்டுபிடித்தேன். முன்பு அவரிடம் துணி போட்டுக்கொண்டிருந்த ஒருவருடைய விடுதிதான் அது. மூன்று வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஈர விரிப்புகளை எடுத்து உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம். நாத்தனார்களில் ஒருவர் மகளோடு ஆம்பூருக்குப் போய்விட்டாராம். இன்னொருவர் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாராம்.

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். தமிழில் எழுதியிருந்த வரியை மட்டும் படித்தார்.

“நேத்து நானே சேந்தி மோந்து பாத்தேன் சார். தண்ணி நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“அப்ப மறுபடியும் ஆரம்பிக்கலாமேம்மா. விடுதிக்காரங்ககிட்ட நானே வந்து சொல்றேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்துக்கொண்டே சொன்னார்.

“கிணறு சரியாகறதுக்கு நாலு வருஷம் ஆச்சு. நாலு வருஷம் யார் சார் துணிய அழுக்கா வெச்சுக்கிட்டு எனக்காக உக்காந்திருப்பாங்க?”

அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அந்த மாதமே எங்கள் ஆபீசில் கோப்பை மூடினார்கள். “குறை முழுமையாக நிவர்த்தி செய்யப்பட்டது” என்று எழுதி என்னிடம் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். நான் போடவில்லை. வேறொருவரை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். டீலருக்குப் புது டேங்க் வந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். புகார் கொடுத்தவர் எந்த நாளில் கெட்டுப்போகிறது என்கிறாரோ அந்த நாளில் போங்கள். அவர் எப்படி எடுத்துக் குடிக்கிறாரோ அப்படியே எடுங்கள். ரூலில் அப்படி இல்லை என்று உங்கள் அதிகாரி சொல்லுவார். உண்மைதான், ரூலில் இல்லை. ரூலில் இருந்ததை ஒன்று விடாமல் செய்துதான் நான் அந்த அம்மாளின் தொழிலை அழித்தேன்.